இன்ஸ்ப்ரூக்கும் பிரென்னர் கணவாயும்: ஒரு மலை இடைவெளி ஏன் ஐரோப்பாவின் தலைவலி ஆனது?

ஆஸ்திரியாவின் பிரென்னர் நெடுஞ்சாலையில் உள்ள லூக் பாலத்தில் 2025 ஜனவரி 1 முதல் திசைக்கு ஒரு தடம்தான் வழக்கமாகத் திறந்திருக்கிறது. அதே ஆண்டு செப்டம்பர் 18 அன்று, அதே கணவாய்க்கு அடியில், ஆஸ்திரியாவிலிருந்தும் இத்தாலியிலிருந்தும் குடைந்துவந்த ஆய்வுச் சுரங்கங்கள் ஒன்றையொன்று தொட்டன. இரு நாட்டுத் தலைவர்களும் நேரில் வந்தார்கள். இதற்கு முந்தைய ஆண்டுதான், எங்கள் லாரிகளை மறிக்கிறார்கள் என்று ஆஸ்திரியாமீது இத்தாலி ஐரோப்பிய ஒன்றிய நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்திருந்தது.

செய்திகளைத் தனித்தனியாகப் படித்தால் குழப்பம்தான் மிஞ்சும். கணவாயில் 1867 முதல் ரயில் ஓடுகிறது, 1960கள் முதல் நெடுஞ்சாலை இருக்கிறது; பிறகு எதற்கு 55 கி.மீ. சுரங்கம்? ஒரு பாலத்தில் தடம் குறைந்தால் ஜெர்மனியில் இருப்பவர்கள் ஏன் கவலைப்படுகிறார்கள்? இரண்டு நட்பு நாடுகள் லாரிப் போக்குவரத்துக்காக ஏன் நீதிமன்றம் போகின்றன? கணவாயின் வடக்கு அடிவாரத்தில் இருக்கும் இன்ஸ்ப்ரூக் நகரின் நிலத்தைப் புரிந்துகொண்டால் மூன்றுக்கும் விடை கிடைக்கும். மலையில் ஒரு தாழ்வான இடைவெளி, அதன் வாசலில் ஒரு குறுகிய ஆற்றுப் படுகை. அந்த ஊரின் எண்ணூறு ஆண்டு வருமானமும் தொல்லையும் இவ்விரண்டிலிருந்துதான் வந்தன.

ஊர் நிற்கும் இடம்

இன் ஆறு சுவிட்சர்லாந்தில் மலோயா கணவாய்க்கு அருகில், லுங்கின் ஏரியில் பிறக்கிறது. சுமார் 517 கி.மீ. ஓடி, ஜெர்மனியின் பாசாவ் நகரில் டான்யூபில் கலக்கிறது. அதன் பாதையில், கடல்மட்டத்திலிருந்து 574 மீ. உயரத்தில் இருக்கிறது இன்ஸ்ப்ரூக். டிரோல் மாநிலத்தின் தலைநகர்; மக்கள்தொகை சுமார் 1.3 லட்சம்.

வடக்கே நோர்ட்கெட்டே என்ற மலைத்தொடர், வெளிறிய சுண்ணாம்புப் பாறையால் ஆன சுவர். அதன் ஹாஃபெலெகார் சிகரம் 2,334 மீ. நகர மையத்திலிருந்து கிடைமட்டமாக அளந்தால் ஏறத்தாழ 5 கி.மீ.தான், அந்தத் தூரத்துக்குள் நிலம் 1,760 மீ. எழும்பிவிடுகிறது. தெற்கே பாட்ஷர்கோஃபெல், 2,246 மீ. உயரம், வேறு வகைப் பாறை, உருண்டு தணிந்த தோற்றம். இரண்டுக்கும் நடுவே மேற்கிலிருந்து கிழக்காக ஓடுகிறது இன்.

தெற்குச் சுவரில் ஓர் ஓட்டை உண்டு. அதன் வழியே ஸில் ஆறு வந்து இன்னில் சேர்கிறது. ஸில்லின் பள்ளத்தாக்கில் தெற்கு நோக்கி ஏறினால் பிரென்னர் கணவாய். உயரம் 1,370 மீ. ஆல்ப்ஸின் முதன்மை முகட்டைக் கடக்கும் மற்ற பெரிய வழிகளோடு ஒப்பிட்டால் இந்த எண்ணின் அருமை தெரியும்: காட்டார்ட் 2,106 மீ., சிம்ப்லான் 2,005 மீ., பெரிய சான் பெர்னார்ட் 2,469 மீ. இவை குளிர்காலத்தில் கடும் பனி சேரும் உயரங்கள். மரங்கள் வளரும் எல்லைக்கும் கீழே இருக்கிறது பிரென்னர், குளிர்காலத்திலும் கடந்துபோகலாம். இத்தாலியிலிருந்து ஜெர்மனிக்கு வண்டியோ படையோ காற்றோ எது போனாலும் இந்த வழியைத் தேடி வருவதற்குக் காரணம் அதுதான்.

பள்ளத்தாக்கு உருவான கதை

1. பிளவுகள். பூமியின் மேலோட்டில் பாறைத் தொகுதிகள் ஒன்றையொன்று உரசி நகரும் கோடுகளைப் பிளவுகள் என்கிறோம். இன் ஆறு இங்கே அப்படியொரு பிளவின் மேல் ஓடுகிறது. வடகரைக்கும் தென்கரைக்கும் பாறையே வேறாக இருப்பது அதனால்தான்: வடக்கே சுண்ணாம்பும் டோலமைட்டும், தெற்கே ஏடு ஏடாகப் பிளக்கும் குவார்ட்ஸ் பில்லைட். பிரென்னர் இடைவெளியும் ஒரு பிளவால் வந்ததே. சுமார் 2 கோடி ஆண்டுகளுக்கு முன் கிழக்கேயிருந்த டாவெர்ன் மலைத்தொகுதி மேலெழுந்தபோது, அதன்மேல் கிடந்த பாறைகள் மேற்காகச் சரிந்து இறங்கின. அந்தச் சரிவுக்கோட்டில் நொறுங்கிய பாறையைத் தண்ணீர் எளிதாக அரித்தது. கணவாய் தாழ்ந்து கிடப்பதற்கும், அதைக் குடைவது கடினமாக இருப்பதற்கும் இந்த நொறுங்கல்தான் காரணம்.

2. பனியாறு. கடைசிப் பனியுகத்தின் உச்சத்தில், ஏறத்தாழ 25,000 ஆண்டுகளுக்கு முன், இன்றைய நகரத்துக்கு மேல் பனியின் மேற்பரப்பு 2,000 மீ. உயரத்தையும் தாண்டியிருந்தது. முகடுகள் மட்டும் வெளியே தெரிந்திருக்கும். அந்தப் பனி பள்ளத்தாக்கின் தரையை இன்றைய மட்டத்திலிருந்து நூற்றுக்கணக்கான மீட்டர் ஆழம்வரை சுரண்டியது. பனி உருகியபின் அந்தக் குழி ஏரிக்களிமண், மணல், சரளை ஆகியவற்றால் நிரம்பியது. படுகை மேசைபோலத் தட்டையாக இருப்பதற்குக் காரணம் இந்த நிரப்பு. இதில் ஒரு தீங்கும் உண்டு: நிலம் அதிர்ந்தால் இளகிய நிரப்பு பாறையைவிட அதிகமாக ஆடும். 1670, 1689 நிலநடுக்கங்களில் இன்ஸ்ப்ரூக்கும் அருகிலுள்ள ஹால் நகரமும் பலத்த சேதம் கண்டன.

3. மேடைகள். படுகைக்கு மேலே 200 முதல் 300 மீ. உயரத்தில் இருபுறமும் அகன்ற படிகள் தெரியும். தெற்கே இக்ல்ஸ், நாட்டெர்ஸ், முட்டெர்ஸ்; வடகிழக்கே க்னாடன்வால்ட். பனியுகப் படிவுகளின் மிச்சம் இவை. கீழே சதுப்பும் வெள்ளமுமாக இருந்த காலத்தில் உழவுக்கும் குடியிருப்புக்கும் வசதியான நிலம் இந்த மேடைகளில்தான் கிடைத்தது.

4. விசிறிகள். பக்கவாட்டு ஓடை செங்குத்தாக இறங்கிப் படுகையைத் தொடும் இடத்தில் வேகம் குறைந்து, கொண்டுவந்த கல்லையும் மண்ணையும் விசிறி வடிவத்தில் கொட்டும். ஹோட்டிங், ம்யூலாவ், ஆர்ட்ஸ்ல் போன்ற பழைய ஊர்கள் இந்த விசிறிகளின் மேல் உட்கார்ந்திருக்கின்றன. ஆற்று வெள்ளம் எட்டாத உயரம், வடிகால் உள்ள மண், ஓடும் நீர் எல்லாம் கிடைக்கும். பதிலுக்கு, பெருமழையில் ஓடை கற்குழம்பாக இறங்கினால் முதலில் அடிபடுவதும் அந்த ஊர்தான். குளிர்காலத்தில் அதே பாதைகளில் பனிச்சரிவும் வரும்; நோர்ட்கெட்டேயின் சரிவில் நகரத்துக்கு மேலே தடுப்பு மண்மேடுகள் கட்டியிருப்பது இதற்காக.

வடகரைக்கு மேலே ஒரு பாறை தனியாகக் கவனிக்கத்தக்கது. ஹோட்டிங் பிரெச்சியா என்பார்கள். மலையிலிருந்து விழுந்த கூர்முனைக் கற்கள் சுண்ணாம்பால் ஒட்டிக் கெட்டியானது. சிவப்பும் சாம்பலும் கலந்த நிறம். இதற்குக் கீழேயும் பனியாற்றுப் படிவு இருக்கிறது, மேலேயும் இருக்கிறது. நடுவிலுள்ள பாறைக்குள் பொன்டிக் ரோடோடென்ட்ரான் என்ற, இதமான தட்பவெப்பம் கேட்கும் செடியின் இலைப் பதிவுகள் கிடைத்தன. பனி, இடையில் வெதுவெதுப்பான காலம், மறுபடியும் பனி என்ற வரிசை ஒரே சரிவில் கண்ணுக்கு முன்னால் நிற்கிறது. பனியுகம் ஒருமுறை வந்துபோன ஒன்று அல்ல, பலமுறை வந்தது என்று புவியியலாளர் ஆல்பிரெக்ட் பெங்க் வாதிட்டபோது இந்தப் பாறை அவருக்கு முக்கியமான சான்று. ஊர்க்காரர்களுக்கு அது வெறும் கட்டடக் கல். பழைய நகரின் சுவர்களில் அதன் கூர்முனைகளை இன்றும் பார்க்கலாம்.

சுண்ணாம்பு மலையால் இன்னொரு நன்மை. மழையும் உருகிய பனியும் பாறை இடுக்குகளில் இறங்கி, ம்யூலாவுக்கு மேலே ஊற்றுகளாக வெளிவருகின்றன. நகரத்துக் குடிநீரில் பெரும்பகுதி இங்கிருந்து வருகிறது. ஊற்று நகரத்தைவிட நூற்றுக்கணக்கான மீட்டர் உயரத்தில் இருப்பதால், குழாயில் இறங்கும் நீர் முதலில் டர்பைனைச் சுழற்றி மின்சாரம் தந்துவிட்டுத்தான் வீடுகளுக்குப் போகிறது.

பாலம், உப்பு, வெள்ளி

கி.மு. 15இல் ரோமானியர் இந்தப் பகுதியைப் பிடித்தபின், பிரென்னர் சாலை படுகையைத் தொடும் இடத்தில் வெல்டிடேனா என்ற நிலையத்தை வைத்தார்கள். இன்று அது நகரின் வில்டென் பகுதி. 1138இல் அங்கே ஒரு மடம் எழுந்தது. தென்கரை நிலம் அந்த மடத்தின் கையில் இருந்தது.

ஆண்டெக்ஸ் பிரபுக்களின் சந்தை வடகரையில் இருந்தது. அங்கே இடம் போதவில்லை: பின்னால் மலைச்சரிவு, முன்னால் ஆறு. 1180இல் அவர்கள் மடத்தோடு ஒப்பந்தம் செய்து தென்கரையில் நிலம் பெற்றார்கள். இன் ஆற்றுப் பாலத்தின் தெற்கு முனையில் உருவான ஊர்தான் இன்ஸ்ப்ரூக். 1239 சாசனம் அதற்கு நகர உரிமையைத் தந்ததோடு, மெலாக், ஸில்லர் என்ற இரு துணையாறுகளுக்கு இடைப்பட்ட நீண்ட பகுதியில் சரக்கை இறக்கி வைக்கும் உரிமையையும் இந்த ஊருக்கே கொடுத்தது. அந்த வழியே போகும் வணிகர் இங்கே இறக்கிக் கட்டணம் கட்டியாக வேண்டும். கடந்துபோகும் சரக்கால் பிழைக்கும் ஊர் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது.

ஆற்றுப் போக்குவரத்து மட்டும் இன்ஸ்ப்ரூக்கின் கைக்கு வரவில்லை. ஏறத்தாழ 10 கி.மீ. கீழே இருக்கும் ஹால் நகரம்வரைதான் பெரிய படகுகள் வந்தன. ஹாலின் பலம் உப்பு. மலைக்குள் உப்பு களிமண்ணோடு கலந்து கிடந்தது. வெட்டி எடுத்தால் பயனில்லை. குடைந்த அறைகளில் நன்னீரைத் தேக்கி, உப்பைக் கரையவிட்டு, அந்த உப்புநீரைக் குழாய் வழியாகப் பள்ளத்தாக்குக்கு இறக்கி, பெரிய இரும்புத் தட்டுகளில் காய்ச்சினார்கள். காய்ச்சுவதற்கு விறகு மலைமலையாக வேண்டும். மேல் பள்ளத்தாக்குக் காடுகளில் வெட்டிய மரத்தை ஆற்றில் மிதக்கவிட்டு, ஹாலில் ஆற்றுக்குக் குறுக்கே கட்டிய மரத்தடுப்பில் பிடித்தார்கள். உப்புத்தொழில் 1967இல்தான் நின்றது.

இன்னும் கீழே ஷ்வாட்ஸ் நகரில் 15ஆம் நூற்றாண்டில் வெள்ளிச் சுரங்கங்கள் செழித்தன. 1477இல் டிரோலின் நாணயச்சாலை மெரானிலிருந்து ஹாலுக்கு மாற்றப்பட்டது; 1486இல் அங்கே அடித்த கனத்த வெள்ளிக்காசுதான் பின்னாளைய தாலர் நாணயங்களுக்கு முன்னோடி. அரசர்களும் இந்தப் பணத்தைத் தேடி வந்தார்கள். 1363இல் டிரோல் ஹாப்ஸ்பர்க் வம்சத்தின் கைக்கு வந்தது. 1420இல் நான்காம் ஃப்ரெடரிக் தன் இருப்பிடத்தை மெரானிலிருந்து இன்ஸ்ப்ரூக்குக்கு மாற்றினார். 1490இல் டிரோலைப் பெற்ற முதலாம் மாக்ஸிமிலியன் 2,657 பொன்முலாம் செம்பு ஓடுகள் வேய்ந்த மாடத்தை நகரச் சதுக்கத்தில் எழுப்பினார். சுற்றுலாப் பயணிகள் இன்றும் கூடும் இடம் அது. அவருடைய நினைவாக ஆளைவிடப் பெரிய 28 வெண்கலச் சிலைகள் காவல் நிற்கும் கல்லறை இங்கே இருக்கிறது. உடல் மட்டும் வீனர் நொய்ஷ்டாட்டில்.

1665இல் டிரோல் ஹாப்ஸ்பர்க் கிளை வாரிசின்றி முடிந்தது; அரசவை போனது. நான்கு ஆண்டுகள் கழித்து லியோபோல்ட் பேரரசர் பல்கலைக்கழகம் ஒன்றைத் தந்தார். அதற்கான செலவு ஹால் உப்பின் மீது போட்ட கூடுதல் வரியிலிருந்து வந்தது.

1809இல் பவேரிய, பிரெஞ்சுப் படைகளுக்கு எதிராக ஆண்ட்ரேயாஸ் ஹோஃபரின் விவசாயிகள் பெர்கிசெல் குன்றில் திரும்பத் திரும்பப் போரிட்டார்கள். அந்தக் குன்று எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் பார்த்தால் காரணம் கேட்க வேண்டியதில்லை: ஸில் ஆறு மலையிடுக்கிலிருந்து வெளிவரும் வாயில் அது, அதைப் பிடித்தவர் கையில் இத்தாலிச் சாலை. முதல் உலகப் போருக்குப் பின் தென் டிரோல் இத்தாலிக்குப் போனதும் கணவாயே நாட்டின் எல்லை ஆனது. நடுவூராக இருந்த இன்ஸ்ப்ரூக் எல்லையூர் ஆனது. 1943 டிசம்பரில் நேச நாட்டு விமானங்கள் குண்டு போட்டதும் பிரென்னர் ரயில் சந்திப்புக்காகவே.

ஃபோன் காற்று: கணவாய் வழியே கொட்டும் வெப்பம்

ஆல்ப்ஸின் ஃபோன் காற்றைப் பள்ளிப் புவியியலில் சினூக்கோடு சேர்த்துப் படித்திருப்போம். ‘ஈரக்காற்று மலையேறி மழை பொழிந்து, மறுபுறம் வறண்டு சூடாக இறங்குகிறது’ என்ற விளக்கம் பாதி உண்மை. இன்ஸ்ப்ரூக்கில் தெற்கே ஒரு சொட்டு மழைகூட இல்லாமல் ஃபோன் வீசுவது உண்டு. நடப்பதை இப்படிப் படிப்படியாகப் பார்க்கலாம்:

1. முகட்டுக்குத் தெற்கே காற்றழுத்தம் கூடுதலாகவும் வடக்கே குறைவாகவும் இருக்கும் நாளில், தெற்கே தேங்கிய காற்று வழி தேடும். பிரென்னர்தான் தாழ்ந்த வாசல். முதலில் அதன் வழியே வழிகிறது. அழுத்த வேறுபாடு கூடினால் முழு முகட்டையும் தாண்டி வரும்.

2. இறங்கும் காற்று அழுந்துவதால் சூடாகிறது. மேகமில்லாத காற்று ஒவ்வொரு 1,000 மீ. இறக்கத்துக்கும் ஏறத்தாழ 10 டிகிரி செல்சியஸ் சூடேறும். 2,500 மீ. உயரத்தில் 0 டிகிரியில் இருந்த காற்று 574 மீ. மட்டத்தைத் தொடும்போது சுமார் 19 டிகிரி. ஜனவரியிலும் இதே கணக்குதான். எனவே வெப்பத்துக்கு மழை அவசியமில்லை, இறக்கம் போதும். தெற்கே மழை பெய்திருந்தால் வெப்பம் இன்னும் கொஞ்சம் கூடும், அவ்வளவே.

3. குளிர்காலத்தில் படுகையின் அடியில் கனத்த குளிர்காற்று தேங்கியிருக்கும். ஃபோன் அதைத் துளைக்க முடியாமல் மேலேயே ஓடும். அப்போது இக்ல்ஸ் மேடையில் வெதுவெதுப்பு, 300 மீ. கீழே நகரத்தில் உறைகுளிர். குளிர் அடுக்கு கரைந்து உடையும் நேரத்தில் நகரத்தில் வெப்பநிலை சட்டென்று எகிறும்.

4. தெற்கிலிருந்து வந்த காற்று நோர்ட்கெட்டே சுவரில் மோதி இருபுறமும் பிரியும். அதனால் ஃபோன் தரையிறங்கும் முன் நகரத்தில் மேற்குக் காற்று அடிப்பதுண்டு. புதிதாக வருபவருக்கு இது புரியாது: தெற்குக் காற்று என்கிறார்கள், கொடி கிழக்கே பறக்கிறதே என்று கேட்பார்.

விமான நிலையம் இதே படுகையில், 2,000 மீ. ஓடுபாதையோடு இருக்கிறது. ஃபோன் நாளில் மலைகளுக்குப் பின்னால் காற்று சுழல்வதால் விமானம் தூக்கிப்போடும். தனிப் பயிற்சி பெற்ற விமானிகளே இறங்கலாம். நிலைமை மோசமானால் விமானங்கள் வேறு ஊர்களுக்குத் திருப்பி விடப்படும்.

1964 குளிர்கால ஒலிம்பிக்கின்போது போட்டி நடக்கும் இடங்களில் போதிய பனி இல்லை. ஆஸ்திரிய ராணுவம் பனிச்சறுக்குச் சரிவுகளுக்கு 40,000 கன மீட்டர் பனியையும், லூஜ், பாப்ஸ்லே என்ற சறுக்குவண்டிப் போட்டிகளின் தடங்களுக்கு 20,000 பனிக்கட்டிகளையும் மலையிலிருந்து சுமந்து இறக்கியது. இந்தியா முதன்முதலாகக் குளிர்கால ஒலிம்பிக்கில் பங்கேற்றது அந்த ஆண்டுதான். ஜெரமி புயகோவ்ஸ்கி என்ற ஒரே வீரர், பனிச்சறுக்கில். 1976 போட்டிகளை நடத்த வேண்டிய டென்வர் பின்வாங்கியதால் இன்ஸ்ப்ரூக்குக்கு மறுபடியும் வாய்ப்பு வந்தது.

காற்று வீசாத குளிர்கால நாட்கள் வேறு வகைத் தொல்லை. மேலே சூடான அடுக்கு மூடிபோல நிற்க, கீழே குளிர்காற்று அசையாமல் கிடக்கும். வண்டிப் புகை எங்கும் போகாது. சமவெளி நெடுஞ்சாலையில் அதே எண்ணிக்கை லாரி ஓடினால் புகை கலைந்துவிடும்; இங்கே படுகையிலேயே சுற்றும். டிரோல் மாநிலம் லாரிகளுக்கு இரவுத்தடை விதித்திருப்பதன் அடிப்படை இது: இரவில்தான் மூடி இறுகுகிறது.

ரயிலுக்கு ஏன் இன்னொரு பாதை?

பிரென்னர் ரயில் பாதை 1867 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. வடிவமைத்த கார்ல் ஃபோன் எட்ஸெல் 1865இலேயே இறந்துவிட்டார். உச்சியில் சுரங்கமே இல்லாமல், கணவாயின் மேலாகவே ரயிலைக் கொண்டுபோனது அவருடைய திட்டம். உயரத்தை மெல்ல ஏற, பக்கப் பள்ளத்தாக்குக்குள் நுழைந்து வளைந்து திரும்பும் சுற்றுப்பாதையும் போட்டார். அந்தக் காலத்துக்கு அது சாதனை. இன்று அதுவே தடை.

கணக்கைப் பாருங்கள். இன்ஸ்ப்ரூக்கிலிருந்து கணவாய்வரை ஏறத்தாழ 37 கி.மீ. பாதை, ஏற்றம் கிட்டத்தட்ட 800 மீ. சராசரியாக 1,000 மீட்டருக்கு 21 மீ. ஏற்றம், செங்குத்தான இடங்களில் 25 மீ.

- தட்டையான பாதையில் ஒரு டன் சரக்கு ரயிலை நகர்த்த ஏறத்தாழ 3 கிலோ விசை போதும்.
- 1,000க்கு 25 ஏற்றத்தில் ஈர்ப்புவிசை மட்டும் டன்னுக்கு 25 கிலோ பின்னால் இழுக்கும். மொத்தம் 28 கிலோ.
- நவீன நான்கு அச்சு மின்சார எஞ்சின் ஏறத்தாழ 30 டன் விசை தரும். அதற்கு மேல் சக்கரம் தண்டவாளத்தில் வழுக்கும்.
- ஆகவே ஓர் எஞ்சின் இழுக்கக்கூடியது சுமார் 1,000 டன்தான். ஈரமான தண்டவாளம் என்றால் அதுவும் இல்லை.

1,600 டன் ரயிலுக்கு இரண்டு, மூன்று எஞ்சின் வேண்டும். முன்னால் ஒன்றோ இரண்டோ, பின்னாலிருந்து தள்ள இன்னொன்று. அதை மாட்டவும் கழற்றவும் ஆளும் நேரமும் தேவை. இறக்கத்தில் பிரேக் தேய்மானம் தனி. லாரியோடு போட்டியிட்டால் ரயில் தோற்பது இந்த இடத்தில்தான்.

புதிய பிரென்னர் அடித்தளச் சுரங்கம் மலையை ஏறுவதில்லை, அடியில் போகிறது. இன்ஸ்ப்ரூக்குக்கும் இத்தாலியின் ஃபோர்டெஸாவுக்கும் இடையே 55 கி.மீ.; 1994இல் திறந்த இன் பள்ளத்தாக்குப் புறவழிச் சுரங்கத்தோடு சேர்த்தால் 64 கி.மீ. சுவிட்சர்லாந்தின் காட்டார்ட் அடித்தளச் சுரங்கம் 57 கி.மீ. என்பதால், இது உலகின் மிக நீளமான நிலத்தடி ரயில் இணைப்பாக இருக்கும். ஏற்றம் 1,000க்கு 7ஐத் தாண்டாது. மேலே போட்ட அதே கணக்கில் டன்னுக்கு 10 கிலோ. ஓர் எஞ்சின் நீண்ட சரக்கு ரயிலைத் தனியாக இழுக்கும். பயணிகளுக்கு இன்ஸ்ப்ரூக்–ஃபோர்டெஸா நேரம் 80 நிமிடத்திலிருந்து 25 நிமிடமாகக் குறையும்.

சுரங்கத்தின் அமைப்பு இது: 8.1 மீ. விட்டமுள்ள இரண்டு ரயில் குழாய்கள், 40 முதல் 70 மீ. இடைவெளியில். ஒவ்வொரு 333 மீட்டருக்கும் ஒரு குறுக்கு வழி. ஒரு குழாயில் தீப்பிடித்தால் மற்றதற்குத் தப்பலாம். இவற்றுக்கு நடுவே, ஏறத்தாழ 12 மீ. கீழே, சிறிய ஆய்வுச் சுரங்கம். 2025 செப்டம்பரில் சந்தித்தது இந்தச் சிறிய குழாய்தான். ‘சுரங்கம் முடிந்தது’ என்று வந்த தலைப்புகள் அவசரப்பட்டவை. முன்னே போகும் ஆய்வுச் சுரங்கம், பாறை எங்கே உறுதி, எங்கே நொறுங்கல், எங்கே தண்ணீர் என்று முன்கூட்டியே காட்டும். ஆப்பிரிக்க, ஐரோப்பியத் தட்டுகள் மோதிய எல்லையைக் குறிக்கும் பெரியாட்ரியாட்டிக் பிளவும் இத்தாலியப் பக்கத்தில் குறுக்கே வந்தது. வேலை முடிந்தபின் ஆய்வுச் சுரங்கம் வடிகாலாகவும் பராமரிப்பு வழியாகவும் பயன்படும். தோண்டிய பாறையின் ஒரு பகுதி, ஸ்டைனாக் ஊருக்கு அருகே பாடாஸ்டர் என்ற பக்கப் பள்ளத்தாக்கில் கொட்டப்படுகிறது. ரயில் ஓடும் ஆண்டு 2032 என்பது இப்போதைய இலக்கு.

லாரிகளும் ஒரு பழைய பாலமும்

பிரென்னர் வழியாக ஆண்டுக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட லாரிகள் போகின்றன. சுவிட்சர்லாந்தின் எல்லா ஆல்ப்ஸ் வழிகளையும் கூட்டினாலும் அண்மை ஆண்டுகளில் 10 லட்சத்தை எட்டவில்லை. கணவாய் தாழ்வு என்பது ஒரு காரணம், பணம் இன்னொன்று. சுவிட்சர்லாந்து 2001 முதல் எடைக்கும் தூரத்துக்கும் ஏற்ப லாரிகளிடம் கனத்த கட்டணம் வாங்குகிறது. ஜெர்மனி–பிரென்னர்–இத்தாலி வழியில் மொத்தச் செலவு குறைவு. அதனால் சுவிஸ் வழி குறுகியதாக இருக்கும் லாரிகளிலும் ஒரு பகுதி சுற்றிக்கொண்டு இங்கே வருகிறது.

இன்ஸ்ப்ரூக்கிலிருந்து நெடுஞ்சாலை ஏறத் தொடங்கியதும் வரும் ஐரோப்பா பாலம், ஸில் ஆற்றுக்கு 190 மீ. மேலே நிற்கிறது. 1963இல் திறந்தபோது பொறியியல் பெருமை. கணவாய்க்கு அருகே, கிரீஸ் ஊருக்கு மேலே மலைச்சரிவை ஒட்டிச் செல்வது 1,804 மீ. நீளமுள்ள லூக் பாலம். 1960களில் கட்டியபோது இன்றைய லாரி எடையையும் எண்ணிக்கையையும் யாரும் நினைத்துப் பார்த்திருக்க முடியாது. பாலத்தின் நடுப்பகுதி தாங்குகிறது. வெளிப்புறமாக நீட்டிக்கொண்டிருக்கும் ஓரப்பலகைதான் பலவீனம். நெரிசல் மிகும் நாட்களில் திசைக்கு இரண்டு தடம் திறந்தாலும், 3.5 டன்னுக்கு மேற்பட்ட வண்டிகளை உட்புறத் தடத்துக்குத் தள்ளுவது அதனால்.

கிரீஸ் ஊராட்சி பாலத்துக்குப் பதில் சுரங்கம் கேட்டது. பாலமே என்று முடிவாகி, மாற்றுக் கட்டுமானம் 2030வரை நீள்கிறது. மாற்றுவழி என்று சொல்ல இருப்பது ஊர்களுக்குள் புகுந்துபோகும் பழைய சாலை மட்டுமே. பள்ளத்தாக்கில் இன்னொரு நெடுஞ்சாலைக்கு இடமே கிடையாது.

இத்தாலியின் வழக்கு இதோடு பிணைந்தது. இரவுத்தடை, ரயிலில் ஏற்றக்கூடிய சில சரக்குகளுக்குச் சாலைத்தடை, 2017 முதல் குறிப்பிட்ட நாட்களில் ஜெர்மனியை ஒட்டிய குஃப்ஷ்டைன் எல்லையில் மணிக்கு 300 லாரிக்கு மேல் விடாத முறை ஆகியவை சரக்கின் தடையற்ற போக்குவரத்து என்ற ஒன்றிய விதியை மீறுகின்றன என்பது இத்தாலியின் வாதம். மக்களின் உடல்நலத்தையும் சாலை ஒழுங்கையும் காப்பது எங்கள் கடமை என்பது ஆஸ்திரியாவின் பதில். குஃப்ஷ்டைனில் லாரிகளை நிறுத்தினால் வரிசை பின்னால் பவேரியாவுக்குள் நீளும். ஜெர்மனியின் கோபத்துக்கு அதுதான் காரணம்.

சுரங்கம் திறந்தால் லாரி குறையுமா?

தானாகக் குறையாது. மூன்று நிபந்தனைகள் இருக்கின்றன.

1. வடக்கு அணுகுபாதை. சுரங்கத்துக்கு வந்துசேரும் தண்டவாளம் போதிய கொள்ளளவோடு இருக்க வேண்டும். இன் பள்ளத்தாக்கின் ஆஸ்திரியப் பகுதியில் நான்கு தடத்துக்கான வேலை பெருமளவு நடந்துவிட்டது. ஜெர்மனியில், ரோஸன்ஹைம் வட்டாரத்தில், புதிய பாதை இன்னும் திட்ட மேசையில்தான். உள்ளூர் எதிர்ப்பும் பலம். 2032இல் சுரங்கம் திறந்தாலும் இந்தப் பகுதி தயாராகியிருக்காது.

2. ஏற்றும் இடம். சாதாரண லாரியின் பின்பெட்டியை ரயிலில் தூக்கி வைக்க முனையங்கள் வேண்டும். ஐரோப்பியச் சாலைகளில் ஓடும் பின்பெட்டிகளில் பெரும்பாலானவை கிரேன் பிடித்துத் தூக்குவதற்கேற்பக் கட்டப்பட்டவை அல்ல. அவற்றுக்கு வேறு வகை வேகன் வேண்டும், அல்லது பெட்டியையே மாற்ற வேண்டும்.

3. விலை. சுவிட்சர்லாந்து சுரங்கம் கட்டியதோடு நிற்கவில்லை; சாலைக் கட்டணத்தை உயர்த்தி, அந்தப் பணத்தின் பெரும்பங்கை ரயிலுக்குக் கொடுத்தது. பிரென்னர் வழியில் மூன்று நாடுகள் மூன்று கட்டணம் வைத்திருக்கின்றன. ஒன்றிய விதிகள் உயர்வுக்கு வரம்பும் போடுகின்றன. என் பார்வையில் கான்கிரீட்டைவிட இதுதான் கடினமான முடிச்சு. மூனிக்கிலிருந்து வெரோனாவரை ஒரே கட்டணம் என்ற யோசனை பல ஆண்டுகளாகப் பேச்சில் இருக்கிறது; எந்த அரசும் தன் லாரி நிறுவனங்களையும் தன் துறைமுகங்களின் போட்டித்திறனையும் விட்டுக்கொடுத்து முதலில் கையெழுத்திட முன்வரவில்லை.